ஒரு செங்கல் வரிசையும் ஓர் ஆய்வுப் பெட்டியும்

இங்கிலாந்தில் ரயில்களைத் தேடித் தேடிப் படம் பிடிப்பவர்களுக்கு 975025 என்ற எண் மனப்பாடம். பச்சை வண்ணம் பூசிய ஒற்றைப் பெட்டி, முனையில் அகலமான கண்ணாடிச் சன்னல், பக்கத்தில் 'கரோலைன்' என்ற பெயர். இழுக்கவோ தள்ளவோ ஒரு பழைய டீசல் எஞ்சின். பயணிகள் ஏற முடியாது. உள்ளே இருந்தவர்கள் ரயில்பாதைக்குப் பொறுப்பான பொறியாளர்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவதுதான் அவர்கள் வேலையாக இருந்தது.

கரோலைன் பிறந்தபோது ஆய்வுப் பெட்டி அல்ல. 1950-களின் கடைசியில், லண்டனுக்கும் தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸுக்கும் இடையே ஓடிய டீசல் ரயிலில் டீயும் ரொட்டியும் விற்ற பஃபே பெட்டி அது. அப்போது அதன் எண் 60755. 1969-இல் அதை எடுத்து, பிரிட்டிஷ் ரயில்வேயின் தென்மண்டலப் பொது மேலாளருக்கான சலூனாக, அதாவது அதிகாரி பயணம் செய்யும் தனிப்பெட்டியாக, மாற்றினார்கள். 1981 ஜூலை 29 அன்று இளவரசர் சார்லஸும் டயானாவும் திருமணம் முடிந்து லண்டன் வாட்டர்லூவிலிருந்து ராம்சேக்குத் தேனிலவு புறப்பட்ட சிறப்பு ரயிலிலும் இதே பெட்டிதான் இணைக்கப்பட்டிருந்தது. இந்தப் பெட்டி வெளியுலகில் பிரபலமானது அதனால்தான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. இந்தப் பெட்டியின் அகலம்.

பிரிட்டனின் வழக்கமான ரயில்பெட்டி 9 அடிக்கு மேல் அகலம், இடுப்புப் பகுதியில் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும். ஹேஸ்டிங்ஸ் பெட்டிகளுக்கு அந்த வளைவு கிடையாது. பலகையை நிமிர்த்தி வைத்ததுபோல் பக்கம் தட்டையாக இருக்கும், அகலம் 8 அடியை ஒட்டித்தான். நடுவழி ஒடுங்கி, இருக்கைகள் நெருங்கி, ஆட்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் உட்கார முடியும். இப்படி ஒரு பெட்டியை யாரும் ஆசைப்பட்டு வடிவமைக்க மாட்டார்கள். அந்தப் பாதையில் இருந்த சுரங்கங்களுக்குள் அதைவிட அகலமான பெட்டி பாதுகாப்பாகப் போக முடியாது, அதனால்தான்.

சரி, சுரங்கங்கள் ஏன் அவ்வளவு குறுகல்? மலையைக் குடைவது கஷ்டமாக இருந்ததாலா? இல்லை. அவற்றைக் கட்டிய காலத்தில் யாரும் சரியாக உள்ளே பார்க்கவில்லை. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1845-இல் டன்பிரிட்ஜிலிருந்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் வரை பாதை வந்துவிட்டது. அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் வரை நீட்டும் வேலையை சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனி ஒப்பந்தக்காரர்களிடம் விட்டது. 1851-இலும் 1852-இலும் பகுதி பகுதியாகப் பாதை திறந்தது. மேடும் பள்ளமுமான நாடு அது, சுரங்கங்கள் நிறைய. சுரங்கம் என்றால் குடைந்தால் மட்டும் போதாது. மேலிருக்கும் மண்ணும் பாறையும் இறங்காமல் இருக்க, உள்ளே செங்கல்லால் வளைவாகக் கட்டிக்கொண்டே வரவேண்டும். கிணற்றுக்கு உறை இறக்குவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதைப் படுக்கவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஒன்றின் மேல் ஒன்றாக இத்தனை அடுக்கு என்று கணக்கு உண்டு. இங்கே கணக்கு 6 அடுக்கு.

1855 மார்ச் மாதம் மவுன்ட்ஃபீல்டு சுரங்கத்தில் செங்கல் கட்டுமானத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அப்புறம்தான் மற்ற சுரங்கங்களையும் தட்டிப் பார்த்தார்கள். குரோவ் ஹில், ஸ்ட்ராபெர்ரி ஹில், வெல்ஸ் என்று போன இடமெல்லாம் அடுக்கு குறைவு. குரோவ் ஹில் சுரங்கத்தில் இருந்தது ஒரே ஒரு அடுக்கு. அதற்கு மேலே வளைவின் உச்சியில் இட்டு நிரப்பியிருக்க வேண்டிய மண்ணும் கல்லும்கூட இல்லை, வெற்றிடம். காசு மட்டும் முழு அடுக்குக்கும் வாங்கப்பட்டிருந்தது. கம்பெனி வழக்குப் போட்டு 3,500 பவுண்டு இழப்பீடு பெற்றது. சரிசெய்ய ஆன செலவு 4,700 பவுண்டு. 1862-இல் வாட்ஹர்ஸ்ட் சுரங்கத்திலும் இதே குறை வெளிப்பட்டு, அங்கே மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் போனது.

எப்படிச் சரிசெய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விட்டுப்போன அடுக்குகளை வெளிப்பக்கம் சேர்க்க வேண்டுமானால் மறுபடியும் மலையைக் குடைய வேண்டும். அதற்குச் செலவு அதிகம், பாதையை மூடவும் வேண்டும். ஆகவே உள்பக்கமே கூடுதல் அடுக்குகளைக் கட்டினார்கள். சுரங்கம் பலமாகிவிட்டது, ஆனால் வழி சுருங்கிவிட்டது. இரண்டு தண்டவாளப் பாதைகள் அருகருகே போகும் சுரங்கம் அது. ஒரு பக்கச் சுவர் சில அங்குலம் உள்ளே வந்தாலே, ரயிலின் தோள் இடிக்கும் என்ற பயம் வந்துவிடும். அன்றிலிருந்து அந்தப் பாதைக்கு என்று தனியாக ஒடுக்கமான பெட்டிகள் செய்யவேண்டியதாயிற்று. 1930-இல் வந்த 'ஸ்கூல்ஸ்' வகை நீராவி எஞ்சின்களின் உடலமைப்பு அந்தச் சுரங்கங்களுக்குள் நுழையத் தோதாக இருந்தது. 1957-இலும் 58-இலும் டீசல் ரயில்கள் வந்தபோதும் அதே ஒடுக்கம் தொடர்ந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ மிச்சம் பிடித்த செங்கல்லின் கனம், நூறு வருஷம் கழித்துப் பயணிகளின் முழங்கைக்கும் சன்னலுக்கும் இடையே இல்லாமல் போன இடமாக வந்து நின்றது.

அப்படிப்பட்ட பெட்டிகளில் ஒன்று ஆய்வுப் பெட்டியானது எனக்குச் சாதாரணமான செய்தியாகப் படவில்லை. அந்தப் பெட்டியின் உடம்பிலேயே, பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பது அளவாகப் பதிந்திருக்கிறது.

இனி, ஆய்வுப் பெட்டி என்றால் என்ன, அதிலிருந்து எதைப் பார்க்க முடியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தண்டவாளத்தை மிகக் கிட்டத்தில் பார்ப்பவர் அதன் மேல் நடப்பவர்தான். நம் ஊரில் கீமேன் என்று சொல்வோமே, அவர் தினமும் தன் பங்குத் தூரத்தை நடந்தே பார்க்கிறார். கையில் சுத்தியல், ஸ்பானர். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப் கழன்றிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும், அங்கேயே அடித்துச் சரிசெய்துவிடுவார். அடுத்த படி, பாதைப் பொறியாளர் போகும் டிராலி. தண்டவாளத்தின் மேல் உருளும் ஒரு மேடை, மேலே ஒரு பெஞ்சு, பின்னால் ஓடிவந்து தள்ளும் ஆட்கள் என்று ஒரு காலம். பிற்பாடு மோட்டார் வைத்த டிராலியும் வந்தது. டிராலியில் போனால் வேகம் குறைவு, தண்டவாளம் காலுக்குக் கீழேயே இருக்கும், நினைத்த இடத்தில் இறங்கலாம். ஆனால் டிராலி எடை இல்லாத வண்டி. அதன் கீழே தண்டவாளம் அசையாது. நூற்றுக்கணக்கான டன் ரயில் போகும்போது அந்தத் தண்டவாளம் என்ன பாடுபடுகிறது என்பதை டிராலி காட்டாது.

அங்கேதான் ஆய்வுப் பெட்டி வருகிறது. ஓடுகிற ரயிலின் கடைசிப் பெட்டியில், பின்சன்னல் வழியே, போன வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்வது. நம் ரயில்வேயில் இதற்கு 'விண்டோ டிரெய்லிங்' என்று பெயர். பொது மேலாளரோ கோட்ட மேலாளரோ இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடையே விண்டோ டிரெய்லிங் ஆய்வு செய்தார் என்று அடிக்கடி செய்தி வரும். படிப்பவர்களுக்கு அது ஏதோ சன்னலோரச் சவாரி மாதிரி தோன்றக்கூடும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஏன் பின்னால் பார்க்க வேண்டும், முன்னால் பார்த்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தபோதுதான் அதிலுள்ள நுட்பம் புரிந்தது.

முன்னால் எஞ்சின் இருக்கிறது என்பது முதல் காரணம், அது எளிதானது. அதைவிடப் பெரிய காரணம், கடைசிப் பெட்டியின் பின்சன்னலில் தெரிவது இப்போதுதான் முழுச் சுமையையும் தாங்கி முடித்த தண்டவாளம். சல்லிக்கு அடியில் மண் ஈரமாகிக் குழைந்திருந்தால், சக்கரங்கள் அழுத்தும்போது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கு இடையே சேறு பிதுங்கும். நடந்துபோகும்போது காய்ந்து கிடக்கும் இடம், ரயில் ஏறி இறங்கிய நொடியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நேர்ப்பாதையில் தூரத்துக்குத் தூரம் இரண்டு கோடுகளாக ஓடும் தண்டவாளத்தில் ஓர் அங்குல நெளிவு இருந்தால், பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. நீளவாக்கில் பார்க்கிறவனுக்குத் தெரியும். நூல் பிடித்த சுவரை ஓரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கொத்தனாரின் பார்வை அது. வளைவு சீராக வளைகிறதா, நடுவில் எங்காவது முறிந்து முறிந்து திரும்புகிறதா என்பதும் அப்படியே.

கண் ஒன்று, உடம்பு இன்னொன்று. இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. நம் பேச்சில் போகி என்றால் முழுப் பெட்டி. பொறியாளர்கள் போகி என்று சொல்வது பெட்டிக்கு அடியில், சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தை. ஒரு பெட்டிக்கு இரண்டு போகி. பின்போகிக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் ஆய்வுச் சன்னல் இருக்கும். பக்கவாட்டு ஆட்டம் அங்கேதான் பெரிதாகத் தெரியும், நீண்ட கம்பின் நுனி அதிகம் ஆடுவதுபோல. அங்கே உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் தப்பாமல் வந்து சேரும். அனுபவம் உள்ள பொறியாளர், குதிப்பா, இடவலம் ஆட்டமா, ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வதா என்று பிரித்து, அடியில் என்ன கோளாறு இருக்கும் என்று ஊகித்துவிடுவார். உடனே கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

பழைய பயணிகள் பெட்டியை எடுத்து மாற்றுவது ஏன் என்பதற்கும் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. பணம் மிச்சம் என்பது வெளிப்படையான காரணம். வருஷத்தில் சில நாள்தான் ஓடும் ஒரு பெட்டியைப் புதிதாகக் கட்டுவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. பயணிகளுக்கு இனிப் பழசு என்று ஒதுக்கப்படும் பெட்டியின் சட்டமும் சக்கரமும் இன்னும் பல வருஷம் ஓடும் நிலையில் இருக்கும். நம் ஊரிலும் வயதான பெட்டிகள் சும்மா போவதில்லை. விபத்து நிவாரண ரயில், பாதைப் பணியாளர்கள் தங்கும் முகாம் பெட்டி, கார் ஏற்றிச் செல்லும் வேகன் என்று வேறு வேலைக்குப் போகின்றன. ஆனால் ஆய்வுக்குப் பழைய பயணிகள் பெட்டி பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். பயணி எந்தச் சக்கரத்தின் மேல், எந்த ஸ்பிரிங்கின் மேல் போகிறாரோ, அதே மாதிரி அமைப்பின் மேல்தான் ஆய்வாளரும் போகிறார். பயணியின் டீ சிந்துகிற இடத்தில் அவருடைய டீயும் சிந்தும். அதைவிட நேர்மையான அளவுகோல் அந்தக் காலத்தில் இல்லை.

மாற்றும் வேலை பெரும்பாலும் முனையில்தான். அடுத்த பெட்டிக்குப் போகும் வழியை அடைத்து, அந்தச் சுவரில் பெரிய கண்ணாடி. அதன் முன் நாற்காலிகள். வேகம் காட்டும் கடிகாரம், அவசரத்துக்குப் பிரேக், எஞ்சின் ஓட்டுநரோடு பேச ஏதாவது ஒரு வழி. நடுவில் வரைபடம் விரிக்க மேசை, சமைக்க ஒரு மூலை, சில பெட்டிகளில் இரவு தங்கப் படுக்கை. 60755 பஃபே பெட்டியாக இருந்ததால் சமையலுக்கான வசதி ஏற்கெனவே இருந்தது. ஒடுக்கமான உடம்பும் இப்போது உதவிக்கு வந்தது. மிகக் குறுகிய சுரங்கங்களுக்காகச் செய்த பெட்டி, மற்ற இடங்களிலும் சிக்காமல் போகும். பயணிகளுக்கு இடைஞ்சலாக இருந்த அதே அளவு, எங்கும் போய்ப் பார்க்க வேண்டிய பெட்டிக்கு வசதியானது.

அந்த மாற்றம் நடந்த 1969-க்கு இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். 1967 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஹேஸ்டிங்ஸிலிருந்து லண்டன் சேரிங் கிராஸுக்கு 12 பெட்டிகளோடு ஒரு டீசல் ரயில் வந்துகொண்டிருந்தது. இதே ஒடுக்கமான இனத்துப் பெட்டிகள்தான். விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டம், பலர் நின்றுகொண்டு வந்தார்கள். லண்டனின் தென்கிழக்கே ஹிதர் கிரீன் அருகே மணிக்கு சுமார் 70 மைல் வேகத்தில் வரும்போது ரயில் தடம்புரண்டது. நான்கு பெட்டிகள் பக்கவாட்டில் சாய்ந்தன. 49 பேர் இறந்தார்கள். 78 பேருக்குக் காயம். பீ ஜீஸ் இசைக்குழுவின் ராபின் கிப் அந்த ரயிலில் இருந்து உயிர் தப்பியவர்களில் ஒருவர்.

காரணம், தண்டவாளத்தின் ஓர் இணைப்பில் முனையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தது. விசாரித்தவர் ரயில்வே ஆய்வுத்துறையின் கர்னல் மெக்மல்லன். இணைப்புக்கு அடியில் தாங்கல் சரியில்லை, பராமரிப்பு அந்தப் பாதையின் வேகத்துக்குப் போதுமானதாக இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிவின் சாரம். பழைய பாணித் தண்டவாளத்தில் இணைப்புதான் பலவீனமான இடம். இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் தகடு வைத்துப் போல்ட் முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியில் இறங்கி ஏறும்போது ஓர் அடி. நமக்கெல்லாம் பழகிய தடக் தடக் சத்தம் அதுதான். அடியில் கட்டை சரியாகத் தாங்காவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் தண்டவாளத்தின் முனை வளைந்து நிமிரும். போல்ட் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். தகடு மூடியிருப்பதால் நடந்து போகிறவருக்கும் அது தெரியாது.

ஆய்வுப் பெட்டியிலிருந்து அது தெரிந்திருக்குமா? நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், விரிசல் தெரிந்திருக்காது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகிறோம். அந்த ஒரு நொடிக்குள் 40-க்கும் மேற்பட்ட கட்டைகள் கண் முன்னே ஓடி மறையும். அதில் ஒரு போல்ட்டைப் பார்ப்பது எந்த மனிதக் கண்ணாலும் ஆகாது. ஆனால் இணைப்புக்கு அடியில் தாங்கல் கெட்டிருக்கிறது என்பதை உடம்பால் உணர முடியும். குலுக்கல் அதிகமாகும், சேறு தெரியும், சல்லி வெள்ளையாக அரைபட்டிருக்கும். விரிசலுக்கு முந்தைய நிலை அது. ஆய்வுப் பெட்டியின் பலமும் எல்லையும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. நோயைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது, நோய் வரப்போகும் இடத்தைக் காட்ட முடியும். சுரங்கத்தின் விஷயத்தில் அதுகூட முடியாது. பூசி முடித்த சுவருக்குப் பின்னால் எத்தனை அடுக்கு என்பதை எந்தச் சன்னலும் காட்டாது.

இந்த எல்லையைப் பொறியாளர்கள் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஆகவேதான் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகக் கருவிகள் வந்தன. பிரெஞ்சுக்காரரான ஹல்லாட் உருவாக்கிய பதிவுக் கருவி ஒன்று பல நாடுகளில் பயன்பட்டது. ஊசல்கள் ஆடுவதை உருளும் காகிதத்தில் கோடாக வரையும் கருவி அது. 'எனக்குக் குலுக்கலாகத் தெரிந்தது' என்ற பேச்சுக்குப் பதிலாகக் காகிதத்தை நீட்டலாம். 1930-களில் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வைத்திருந்த இன்னொரு பெட்டியை நினைத்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். ஓடும்போது அளவுக்கு மேல் குலுங்கிய இடத்தில் அந்தப் பெட்டி தானாகவே கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டவாளத்தின் மேல் தெளித்துவிட்டுப் போகும். அதற்குப் பெயரே சுண்ணாம்புப் பெட்டி. பின்னால் வரும் கேங்மேன், அதாவது பாதையைச் சரிசெய்யும் தொழிலாளி, எந்தக் கணக்கையும் படிக்க வேண்டாம், எந்த மைல் கல்லையும் தேட வேண்டாம். வெள்ளைக் கறை தெரிந்த இடத்தில் சல்லியை இடித்துத் தூக்கினால் போதும். மேலே பார்த்தவருக்கும் கீழே வேலை செய்பவருக்கும் நடுவே இவ்வளவு எளிமையான ஒரு மொழி அதற்குப் பிறகு அமையவில்லை என்றே சொல்வேன்.

பழைய பெட்டிகளின் இரண்டாம் பிறவி அத்தோடு நிற்கவில்லை. 1950-களில் கிராமப் பாதைகளுக்கு வந்த ஒற்றை டீசல் பெட்டி ஒன்று, பயணிகள் வேலை முடிந்ததும் டெர்பி நகரில் இருந்த பிரிட்டிஷ் ரயில்வே ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய் 'ஐரிஸ்' என்ற சோதனைப் பெட்டியானது. கரோலைனின் சகோதரப் பஃபே பெட்டிகளில் ஒன்றும் அதே ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சோதனைப் பெட்டியாகப் போனது. 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹேட்ஃபீல்டில் ஒரு விரைவு ரயிலின் கீழே தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. 4 பேர் இறந்தார்கள். சக்கரம் உருண்டு உருண்டு தண்டவாளத்தின் தலையில் உண்டாகும் மெல்லிய விரிசல்கள்தான் காரணம். பிறகு 2003-இல் மஞ்சள் வண்ணத்தில் ஓர் அளவீட்டு ரயில் பாதைக்கு வந்தது. மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே, லேசரும் கேமராவும் வைத்துத் தண்டவாளத்தை அளக்கும் ரயில். அதுவும் புதிதாகக் கட்டியதல்ல. பயணிகளைச் சுமந்துகொண்டிருந்த அதிவேக டீசல் ரயிலின் எஞ்சின்களையும் பெட்டிகளையும் எடுத்து மாற்றியதுதான்.

இத்தனை கருவி வந்தபிறகும் கரோலைன் போன்ற பெட்டி 2010-களிலும் ஓடியதற்கு என்ன அவசியம்? சலூனைக் கண்டாலே சிலருக்கு எரிச்சல் வருகிறது. இந்தியாவில் அந்த எரிச்சலுக்குக் காரணமும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சலூன் என்றால் அதிகாரியின் அந்தஸ்து. படுக்கையறை, சாப்பாட்டு மேசை, சமையல்காரர் என்று ஓடும் பங்களா. நம் ரயில்வேயிடம் இப்படி 336 சலூன்கள் இருப்பதாகவும், அவற்றில் 62 குளிர்சாதன வசதி கொண்டவை என்றும் 2018-இல் செய்தி வந்தது. அந்த ஆண்டுதான் அவற்றைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடும் திட்டம் தொடங்கி, டெல்லியிலிருந்து காட்ராவுக்கு முதல் சலூன் போனது. ஆய்வு என்ற பெயரில் குடும்பத்தோடு சவாரி போனால் அதைக் கண்டிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் சலூனின் சொகுசையும் பின்சன்னலின் வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கருவி அளப்பது தண்டவாளத்தை மட்டும். பின்சன்னலில் தெரிவது முழுப் பாதை. மழை பெய்தால் எந்தக் கரை சரியும், எந்த மரம் சிக்னலை மறைக்கிறது, எந்த கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக வீடுகள் வந்து ஆட்கள் தண்டவாளத்தைக் கடக்கத் தொடங்கியிருக்கிறார்கள், எந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எத்தனையோ. இதையெல்லாம் ஒரே மூச்சில், ஒன்றோடொன்று சேர்த்து, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் தன் கண்ணால் பார்க்கிறார். பக்கத்து நாற்காலியில் அந்தப் பகுதிப் பொறியாளர் இருக்கிறார். 'இந்த இடத்துக்கு ஏன் வேகக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது?' என்று கேட்டால், 'சல்லி கேட்டு மாசம் ஆறாச்சு சார், வரலை' என்று அங்கேயே பதில் வரும். எந்தக் காகிதத்திலும் எழுதத் தயங்கும் வார்த்தை, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தானாக வெளியே வந்துவிடுகிறது. எனக்கு இந்தப் பெட்டிகள் மேல் மதிப்பு வரக் காரணம் அதுதான்.

புதுப் பாதை திறப்பதற்கு முன் இந்தியாவில் நடக்கும் ஆய்வு இந்த இரண்டு பார்வைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் முதலில் மோட்டார் டிராலியில் போவார். பாலம் வந்தால் இறங்கி அடியில் போய்ப் பார்ப்பார். அது முடிந்தபிறகுதான் சிறப்பு ரயிலில் வேகச் சோதனை. இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். கட்டியவரே தன் வேலையைத் தானே பார்த்துச் சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1941-லேயே செய்த ஏற்பாடு. 2024 நவம்பரில் புதிய பாம்பன் பாலத்தை அவர் இப்படித்தான் பார்த்தார். சோதனை ரயில் நன்றாகவே ஓடியது. இருந்தாலும் கிட்டத்தில் பார்த்ததை வைத்துத் துருப்பிடிப்பு உள்ளிட்ட குறைகளை எழுதி, பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், மேலே தூக்கும் பகுதியில் 50 என்று வரம்பு வைத்துத்தான் அனுமதி தந்தார். ஓடிப் பார்த்தது போதும் என்று விட்டிருந்தால் அந்தக் குறைகள் எதுவும் எழுத்தில் வந்திருக்காது.

ஹேஸ்டிங்ஸ் பாதைக்கு மீண்டும் வருகிறேன். 1986-இல் அதை மின்மயமாக்கினார்கள். இனியும் அந்த ஒரு பாதைக்காக ஒடுக்கமான பெட்டிகள் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்று முடிவானது. சுரங்கங்களை அகலப்படுத்தப் பணம் இல்லை. ஆகவே மிகக் குறுகிய சுரங்கங்களுக்குள் இரட்டைப் பாதையில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை நடுவுக்கு நகர்த்தினார்கள். வளைவின் உச்சி நேராக மேலே வருவதால் சாதாரண அகலப் பெட்டி தாராளமாகப் போகிறது. பழைய டீசல் ரயில்கள் ஓய்வு பெற்றன. அவற்றில் சில பெட்டிகளை ஆர்வலர்கள் காப்பாற்றி, ஹேஸ்டிங்ஸுக்குப் பக்கத்து செயின்ட் லெனார்ட்ஸ் பணிமனையில் வைத்து இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

இன்று அந்தப் பாதையில் ஒரு ரயில் அப்படி ஒற்றைப் பாதையாக்கிய சுரங்கத்துக்குள் இருக்கும்போது, எதிரே வரும் ரயில் வாசலில் நின்றுதான் ஆக வேண்டும். காலை நேரத்தில் இன்னும் ஒரு ரயில் விடலாமா என்று கணக்குப் போடும்போதெல்லாம், 1850-களில் விட்டுப்போன அந்தச் செங்கல் அடுக்குகள் குறுக்கே வந்து நிற்கின்றன.